பற்று எது? வரவு எது?

எங்கள் காலத்தில் பி.காம். முதலாண்டு சேர்ந்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே மூன்று சூத்திரங்களைச் சொல்லித் தந்துவிடுவார்கள். பெறுபவர் பற்று, தருபவர் வரவு. உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு. செலவும் நட்டமும் பற்று, வருமானமும் இலாபமும் வரவு. இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் கணக்குப் பதிவியல் முழுவதும் கைக்குள் வந்துவிடும் என்பார்கள். அது உண்மையும்கூட.

நான் புகுமுக வகுப்பு முடித்து பி.காம். சேர்ந்தது 1972-ல். பாட்லிபாய் புத்தகமும் சுக்லா-கிரேவால் புத்தகமும் நூலகத்தில் அட்டை கிழிந்து கிடக்கும். வகுப்பு நடந்தது ஆங்கிலத்தில். எங்களில் பாதிப் பேர் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் என்பதால், பேராசிரியர் டெபிட், கிரெடிட் என்று சொல்லிவிட்டுக் கூடவே பற்று, வரவு என்றும் சொல்வார். அங்கேதான் சிக்கலே ஆரம்பம்.

முதல் சூத்திரம் எல்லாருக்கும் உடனே புரிந்தது. 'அப்பா பேர்ல பற்று எழுதிக்கிடுங்க' என்று சொல்லி மளிகைக் கடையில் சீனியும் பருப்பும் வாங்கி வளர்ந்தவர்கள்தானே நாங்கள். அறுவடை முடிந்து அப்பா பணம் கொடுத்தால் கடைக்காரர் வரவு வைப்பார். இதில் என்ன குழப்பம்? இரண்டாவது சூத்திரத்தில்தான் வகுப்பே தடுமாறியது. கடைக்கு நூறு ரூபாய் வருகிறது. ரொக்கக் கணக்கில் அதைப் பற்று எழுத வேண்டுமாம். பணம் வந்தால் வரவு என்பது தமிழ் பேசும் குழந்தைக்குக்கூடத் தெரியும். வந்ததைப் பற்று என்றும், போனதை வரவு என்றும் எழுதச் சொன்னால்?

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் விவசாயக் குடும்பத்துப் பையன். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். எழுந்து கேட்டே விட்டான்: "சார், காசு வந்தா வரவுதானே சார்?" வகுப்பு சிரித்தது. "அது ரூல்ப்பா. மனப்பாடம் பண்ணிக்க, போகப்போகப் புரியும்" என்றார் பேராசிரியர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பாடத்திட்டத்தை முடிக்கவே அவருக்கு நேரம் போதாது. ஆனால் அந்தப் பையன் இரண்டு மாதத்தில் வரலாறு பாடத்துக்கு மாறிப் போய்விட்டான். காரணம் கேட்கிற புத்தி உள்ளவன். அவன் கேட்ட கேள்விக்குப் பதில், அவன் மாறிப்போன வரலாற்றுப் பாடத்தில்தான் இருந்தது என்பதை நான் தெரிந்துகொண்டது பல ஆண்டுகள் கழித்து.

இத்தாலியில் 1494-ல் வெனிஸ் நகரில் ஒரு பெரிய கணிதப் புத்தகம் அச்சானது. எழுதியவர் லூக்கா பாசியோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி. லியனார்டோ டாவின்சியின் நண்பர். அவருடைய இன்னொரு புத்தகத்துக்கு டாவின்சியே படம் வரைந்து கொடுத்திருக்கிறார். கணிதப் புத்தகத்தின் ஒரு பகுதியில் 36 சிறு அத்தியாயங்களில் வெனிஸ் வணிகர்கள் கணக்கு எழுதும் முறையை விளக்கியிருக்கிறார். இரட்டைப் பதிவு முறையை அவர் கண்டுபிடித்ததாகச் சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. வெனிஸ் முறையைத்தான் எழுதுகிறேன் என்று அவரே சொல்லிவிடுகிறார். அவருக்கு இருநூறு ஆண்டு முன்பே, 1299-1300 காலத்தில், பிளாரன்ஸ் வணிகர்களின் பரோல்ஃபி கம்பெனி பிரான்சின் தென்பகுதியில் வைத்திருந்த கிளையின் பேரேட்டில் இந்த முறை தெரிகிறது. 1340-ல் ஜெனோவா நகராட்சியின் கணக்குகளும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

அந்த இத்தாலியப் பேரேடுகளில் பக்கத்துக்குப் பக்கம் வருவது இரண்டே சொற்றொடர்கள்: 'இன்னார் கொடுக்க வேண்டும்', 'இன்னார் பெற வேண்டும்'. அவ்வளவுதான். டெபிட், கிரெடிட் எல்லாம் பின்னால் லத்தீன் வேரிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள். ஆங்கிலக் குறிப்பேட்டில் நாம் போட்ட 'டிஆர்' என்பது கடனாளியின் சுருக்கம். கணக்கு என்பது முதலில் ஆட்களுக்கு இடையிலான விவகாரம். யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் மூலக் கேள்வி. பிறகு பணப்பெட்டிக்கும், சரக்குக்கும், வீட்டுச் செலவுக்கும்கூட ஒரு பக்கம் ஒதுக்கியபோது, அவற்றையும் ஆட்களைப் போலவே பாவித்து அதே சொற்களைப் போட்டுவிட்டார்கள். நூறு ரூபாயை வாங்கிக்கொண்ட பெட்டி அந்த நூறு ரூபாய்க்குப் பொறுப்பு. 'பெட்டி கொடுக்க வேண்டும்'. ஆகவே பற்று. பெட்டிக் கணக்கில் பற்றைவிட வரவு அதிகமாக இருக்கவே முடியாது, இருந்தால் ஏட்டில் பிழை என்று பாசியோலி எச்சரிக்கிறார். பெட்டியில் இருப்பதற்கு மேல் பெட்டி எப்படிக் கொடுக்கும்?

ஓய்வூதியம் ஏறியதும் கைப்பேசியில் 'உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது' என்று செய்தி வருகிறதே, அதுவும் இந்தக் கதைதான். அது வங்கியின் ஏடு. அந்த ஏட்டில் நாம்தான் ஆள். வங்கி நமக்குக் கொடுக்க வேண்டும், நாம் பெற வேண்டும்; ஆகவே வரவு. நாமே ஒரு நோட்டில் இரட்டைப் பதிவில் எழுதினால், வங்கியின் பெயரில் அதே தொகையைப் பற்று என்றுதான் எழுதுவோம். நான் வங்கியில் இருந்த காலத்தில் பாஸ்புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இதைக் கேட்ட வணிகவியல் பட்டதாரிகள் உண்டு.

இதையெல்லாம் படிக்கும் முன்பே எனக்கு ஒருவர் விளக்கம் சொல்லியிருந்தார். என் அப்பா. தேவகோட்டையில் ஒரு மண்டியில் கணக்கு எழுதியவர். கல்லூரிக்குப் போனவரில்லை. விடுமுறைக்குப் போனபோது இரண்டாவது சூத்திரத்தை அவரிடம் சொன்னேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "பெட்டியடிப் பையன் கையில நூறு ரூவா குடுத்தா, அவன் பேர்ல பற்றுத்தானப்பா எழுதணும்? அவன்தான சாயங்காலம் எண்ணிக் காட்டணும்?" என்றார். பெட்டியடிப் பையன் என்றால் கடையில் பணப்பெட்டி அருகில் உட்காரும் பையன். செட்டிநாட்டுப் பக்கம் வட்டிக்கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படி உண்டு. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' படித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் பழக்கமாக இருக்கும்.

அப்பாவின் சிட்டையை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். தலைப்பில் 'உ' என்று பிள்ளையார் சுழி. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. (பாசியோலியும் கடவுள் பெயரால் ஆரம்பிக்கச் சொல்கிறார், முதல் ஏட்டுக்குச் சிலுவைக் குறி போடச் சொல்கிறார். வெனிஸிலும் தேவகோட்டையிலும் கணக்கு எழுதுகிறவனுக்குச் சாமி துணை தேவைப்பட்டிருக்கிறது.) முத்தையா நூறு ரூபாய் கொண்டுவந்து கட்டினால், சிட்டையில் இடப்பக்கம் 'முத்தையா வரவு 100'. பேரேட்டில் முத்தையா பக்கத்திலும் அதே இடப்பக்கம், வரவு 100. கல்லூரியில் படித்ததோ நேர்மாறு: ரொக்க ஏட்டில் இடப்பக்கம் பற்று என்று எழுதி, பேரேட்டில் முத்தையாவுக்கு வலப்பக்கம் வரவு என்று எதிர்ப்பக்கத்தில் ஏற்ற வேண்டும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விஷயம் வெளிச்சமானது. வந்த பணத்தை இரண்டு பேருமே இடப்பக்கம்தான் எழுதுகிறார்கள். ஆங்கில ஏடு பெட்டியின் நிலையைத் தலைப்பில் சொல்கிறது; பெட்டி வாங்கியது, ஆகவே பற்று. நம் சிட்டை பணம் கட்டிய முத்தையாவின் நிலையைச் சொல்கிறது. அவர் தந்தார், ஆகவே வரவு. காசு வந்தால் வரவுதானே என்று கேட்ட அந்தப் பையன் அவன் வீட்டு வழக்கப்படி நூற்றுக்கு நூறு சரி. வட இந்திய மகாஜனி முறையிலும் 'ஜமா' இடப்பக்கம்தான். ரொக்க பஹியிலிருந்து பேரேட்டுக்கு அதே பக்கத்தில்தான் ஏற்றுவார்கள்.

பாடப்புத்தகத்தில் ஒற்றைப் பதிவு முறை என்று ஓர் அத்தியாயம் வரும். முழுமையற்ற பதிவு, விஞ்ஞான முறை இல்லை, சிறு கடைக்காரர்கள் வைப்பது என்றெல்லாம் இருக்கும். நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் எழுதுவதெல்லாம் அதுதான் என்று வகுப்பில் எல்லாரும் எடுத்துக்கொண்டோம். மண்டிக் கணக்கை அப்படி ஒதுக்கியது நியாயமில்லை. அதில் ஒவ்வொரு தொகைக்கும் இரண்டு இடம் இருந்தது: சிட்டையில் ஒன்று, பேரேட்டில் ஒன்று. வட்டி, கூலி, வாடகை, கோயிலுக்கும் தர்மத்துக்கும் எடுத்துவைக்கிற மகமை எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கம். ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுப்பார்கள். பேலன்ஸ் ஷீட்டுக்கு இருப்புநிலைக் குறிப்பு என்று பாடப்புத்தகம் பெயர் வைத்தது. என் காதுக்கு இன்றும் ஐந்தொகைதான் நன்றாக இருக்கிறது. கணக்கு இடிக்கும்போது தற்காலிகமாக ஒதுக்கிவைக்க அனாமத்துக் கணக்குகூட உண்டு.

இதைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஒரேயடியாகச் சாய்ந்தவர்களும் உண்டு. லால் நிகம் என்ற அறிஞர், பாசியோலிக்கு வெகு முன்பே இந்தியாவின் பஹி-கட்டா முறை இரட்டைப் பதிவாக இருந்தது என்று 1986-ல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்விதழில் எழுதினார். அடுத்த ஆண்டே அதே இதழில் கிறிஸ்டோபர் நோப்ஸ் ஆதாரம் போதாது என்று மறுத்தார். இத்தாலியில் எழுநூறு ஆண்டுப் பழைய பேரேடு கையில் இருக்கிறது. அந்த அளவு பழைய ஏட்டை நாம் காட்டினால்தான் முன்பே இருந்தது என்று சொல்லலாம். மனசுக்கு நிகம் பக்கம் பேசத் தோன்றினாலும், என் ஓட்டு நோப்ஸுக்குத்தான். ஆனால் யார் முதலில் என்பது வேறு. நம் முறை அரைகுறை என்பது வேறு.

அப்புறம் ஏன் ஆங்கில முறையையே படித்தோம்? வணிகப் படிப்பு இங்கே வந்தது ஆங்கிலேயர் காலத்தில், அலுவலகங்களுக்கு எழுத்தர்களைத் தயாரிக்க. 1886-லேயே பச்சையப்பன் அறநிலையத்தார் சென்னையில் வணிகப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். 1913-ல் பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரி வந்தது. புத்தகம், சட்டம், தணிக்கை எல்லாம் லண்டனைப் பார்த்து அமைந்தவை. ஐந்தொகையில் பொறுப்புகள் இடப்பக்கம், சொத்துகள் வலப்பக்கம் என்று எங்களைக் கோடு போடவைத்தார்களே, அதுகூட இங்கிலாந்தின் 1856 கம்பெனிச் சட்டத்தின் மாதிரிப் படிவத்தில் இருந்த வழக்கம். ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலும் அமெரிக்காவிலும் பக்கம் மாறி இருக்கும். 2011-12 முதல் நம் கம்பெனிகள் மேலிருந்து கீழாகவே எழுத வேண்டும் என்று வந்துவிட்டதால், எந்தப் பக்கம் என்ற கேள்வியே போய்விட்டது.

முதலாண்டுப் பாடத்தில் இன்னொன்றும் சொல்வார்கள். இருப்பாய்வில் இரண்டு பக்கமும் சரியாக வந்துவிட்டால் கூட்டல் சரி என்றுதான் அர்த்தம். கணக்கு உண்மை என்று அர்த்தமாகாது. எழுதாமலே விட்ட பதிவு, தலைப்பு மாறிப்போன பதிவு, ஒன்றையொன்று ஈடுகட்டும் பிழைகள் எல்லாம் உள்ளே ஒளிந்திருக்கலாம். தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் கேள்வி. எங்கள் வீட்டில் அது கேள்வியாக மட்டும் இருக்கவில்லை.

என் தாத்தா பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாகப் போய் அடுத்தாள் வரை உயர்ந்தவர். நெல் விளைகிற கீழ் பர்மாவில் ஒரு வட்டிக்கடை. செட்டியார்கள் அங்கே விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தவர்கள். நிலத்தின்மேல் அவர்களுக்கு ஆசை கிடையாது, பணம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1930-ல் உலகம் முழுக்க விலை சரிந்தபோது நெல் விலையும் விழுந்தது. 'கொடுக்க வேண்டும்' என்று ஏட்டில் இருந்தவர்களிடம் கொடுக்கப் பணமில்லை. கடனுக்கு ஈடாக நிலம் வந்தது. 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்களிடம் இருந்த நிலம் 6 விழுக்காடு. 1937-ல் 25 விழுக்காடு. பேரேட்டில் அது ஒரு சாதாரணப் பதிவு: விவசாயி பெயரில் வரவு, நிலம் பெயரில் பற்று. கடன் தீர்ந்தது. இரண்டு பக்கமும் சரி. ஐந்தொகையும் நேர். நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் வயிற்றெரிச்சலுக்கோ, அந்த விலைக்கு அந்த நிலத்தை வாங்க ஆள் இல்லை என்பதற்கோ ஏட்டில் பத்தி இல்லை.

1942-ல் ஜப்பான்காரர்கள் வந்தபோது தாத்தா அசாம் வழியாக நடந்து வந்தவர்களில் ஒருவர். கடை ஏடுகளில் இரண்டை மட்டும் துணியில் சுற்றி எடுத்துவந்தாராம். 1948-ல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. முதலாளி வீட்டில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஒவ்வொரு ஐந்தொகையிலும் பர்மா நிலத்தை அதே பழைய தொகைக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள் என்று அப்பா சொல்வார். கூட்டல் ஒருபோதும் பிசகவில்லை. 1964-ல் மிச்சமிருந்த நம் ஆட்களும் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிய பிறகுதான், அந்த வரிக்கு எதிரே நட்டம் என்று எழுதிக் கோடு போட்டார்களாம்.