உயிர்காக்கும் இருக்கையும் ஒரு தொழிலாளியும்

விமானப் பாதுகாப்பின் வரலாற்றில் மார்ட்டின்-பேக்கர் என்னும் ஆங்கிலேயக் குடும்ப நிறுவனத்திற்குத் தனியிடம் உண்டு. 1934இல் ஜேம்ஸ் மார்ட்டின் தொடங்கிய அந்நிறுவனம் முதலில் விமானங்களையே வடிவமைத்தது. 1942இல் அவருடைய நண்பரும் கூட்டாளியுமான வாலண்டைன் பேக்கர், தம் நிறுவனத்தின் எம்.பி.3 விமானத்தைச் சோதிக்கையில் விபத்துக்குள்ளாகி மாண்டார். அவ்விழப்பு மார்ட்டினின் சிந்தையை விமானியின் உயிர்காப்பின்பால் திருப்பிற்று. ஆபத்து வேளையில் விமானியை இருக்கையோடு வெளியே உந்தும் கருவியை அவர் உருவாக்கினார்.

1946 ஜூலை 24ஆம் நாள், பறந்துகொண்டிருந்த மீட்டியர் விமானத்திலிருந்து அவ்விருக்கையில் முதன்முதலாக வெளியேறியவர், அந்நிறுவனப் பட்டறையில் பொருத்துநராகப் பணியாற்றிய பெர்னார்ட் லிஞ்ச். அந்நிறுவன இருக்கைகள் இதுவரை 7,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்துள்ளன. மலேசிய ஆகாயப் படையின் ஹாக் விமானங்களிலும் அவை பொருத்தப்பட்டன.

முதலாளிகளின் பெயர்களோடு லிஞ்ச் என்னும் தொழிலாளியின் பெயரும் ஏடேறியதை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டில் நின்று பால்மரம் வெட்டிய நம் முன்னோர் பெயர்களோ பெரும்பாலும் கிராணியின் செக்ரோலோடு நின்றுவிட்டன. அவர்களை அறிந்த முதியோர் மறைந்து வருகின்றனர். அப்பெயர்களைக் கேட்டு எழுதிவைக்கும் பணியை நம் பள்ளிகளில் இன்றே தொடங்குவோமாக.