கல்வெட்டிலிருந்து கடல் கடந்து: காவிரிப் படுகையில் உலக வரலாற்றுச் சொற்பொழிவின் வளர்ச்சி

முன்னுரை

முதலாம் இராஜேந்திரன் 1025ஆம் ஆண்டை ஒட்டிக் கடல் கடந்து வென்ற நாடுகளின் பட்டியல் தஞ்சைப் பெரிய கோயிலில் கல்வெட்டாக இருக்கிறது. ஆயினும் அதில் சொல்லப்படும் ஸ்ரீவிஜயமும் கடாரமும் இன்றைய உலகப் படத்தில் எங்கே உள்ளன என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டில்தான் உறுதியான விடை கிடைத்தது. அந்த விடை அறிஞர்களிடமிருந்து பொதுமக்களை வந்தடைந்த வழிகளில் முதன்மையானது, வரலாற்றுப் பேராசிரியர்களின் சொற்பொழிவு. கேட்போர் முன் சான்றுகளை எடுத்துவைத்து, எதிர்க்கேள்விக்கும் விடை சொல்ல வேண்டிய வடிவம் அது.

அந்த வடிவம் தஞ்சைப் பகுதியைச் சார்ந்து எவ்வாறு வளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வெளியிலிருந்து இறக்கப்பட்ட பாடமாக வந்தபோது உலக வரலாறு இங்கே வேரூன்றவில்லை. பேசியவர் இம்மண்ணின் கல்வெட்டிலிருந்து புறப்பட்டபோதே அது கேட்டவருக்குச் சொந்தமாயிற்று என்பது இதன் வாதம்.

அரண்மனையில் உலகப் படம்

தஞ்சையில் உலக அறிவைச் செவிவழிக் கல்வியாக மாற்ற முயன்றவர்களுள் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) முதன்மையானவர். ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்து, சென்னையில் பாதிரியார் கெரிக்கேயிடம் பயின்ற அவர், 1799இல் ஆட்சி அதிகாரத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இழந்தார். அதன்பின் தம் கவனத்தைச் சரஸ்வதி மகால் நூலகத்தின் மீதும் கல்வியின் மீதும் திருப்பினார். ஐரோப்பிய நூல்களும் நிலப்படங்களும் திரளாக வந்து சேர்ந்தன. அவர் மராத்தியில் இயற்றிய ‘தேவேந்திரக் குறவஞ்சி’ உலகப் புவியியலையே பாடலாக்கியது. அதில் குறத்தி நாடுகளையும் கண்டங்களையும் எடுத்துரைக்கிறாள். சுவார்ட்ஸிடமும் தரங்கம்பாடியில் பாதிரியார் ஜானிடமும் கற்ற கிறித்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார், ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் புதிய வானியலையும் புவியியலையும் தமிழில் பாடினார்.

இவை இரண்டும் அறிவை நூலகத்துக்குள் பூட்டி வைக்கவில்லை. மக்கள் பழகிய கலைவடிவத்தில் அதை வெளியே கொண்டுவந்தன. ஆனால் நாடுகளின் பெயர்களைக் கேட்டவர் அறிந்தாரே தவிர, அவற்றோடு தம் ஊருக்கு இருந்த உறவை அறியவில்லை. சரபோஜி 1803இல் பெரிய கோயிலில் தம் போன்ஸ்லே மரபின் வரலாற்றை மராத்தியில் நெடிய கல்வெட்டாகப் பொறித்தார். அதே கோயிலில் இருந்த சோழர் கல்வெட்டுகளைத் தம் நிலப்படங்களோடு பொருத்திப் பார்க்கும் ஆய்வுமுறை அன்று உருவாகவில்லை.

பேராசிரியர் பதவியும் அறக்கட்டளைச் சொற்பொழிவும்

அம்முறைக்கு அடித்தளம், கல்வெட்டுகளைப் படித்து அச்சிட்ட பணி. கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் பதிப்பித்த பெரிய கோயில் கல்வெட்டுகள் 1891 முதல் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியாக வெளிவந்தன. 1914இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்திய வரலாற்றுப் பேராசிரியரானவர், கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில் பிறந்த எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார். இந்தியப் பண்பாட்டுக்குத் தென்னிந்தியாவின் கொடை பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவுகளைக் கல்கத்தா பல்கலைக்கழகம் 1923இல் நூலாக்கியது. கங்கைச் சமவெளியை மையமாகக் கொண்டு எழுதப்பட்டுவந்த இந்திய வரலாற்றுக்கு, அந்தக் கங்கைக் கரையிலேயே போய்க் காவிரிக் கரையின் சான்றுகளை முன்வைத்தார் அவர்.

1929இல் அப்பதவிக்கு வந்த கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, அதற்குமுன் சிதம்பரத்தில் கல்லூரி முதல்வராக இருந்தவர். அவருடைய சோழர் வரலாறு 1935, 1937ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வந்தது. 1946–47இல் சர் வில்லியம் மேயர் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஸ்ரீவிஜயம். 1949இல் அது நூலாயிற்று. சுமத்ராவின் பேரரசு ஒன்றைப் பற்றிச் சென்னையில் தொடராகப் பேச முடிந்ததற்குக் காரணம், அதன் முதன்மைச் சான்றுகளில் சில நாகப்பட்டினத்தோடும் தஞ்சையோடும் பிணைந்திருந்ததே.

இச்சொற்பொழிவுகள் ஆங்கிலத்தில் நிகழ்ந்தன. விடியவிடியக் கதாகாலட்சேபம் கேட்டுப் பழகிய டெல்டா மக்களில் மிகச் சிலருக்கே அவை எட்டின. இந்த இடைவெளியை நிரப்பத் தமிழ் அமைப்புகள் முன்வந்தன. 1911இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கம், உமாமகேசுவரனார் தலைமையில் கூட்டங்களையும் 1925 முதல் ‘தமிழ்ப்பொழில்’ இதழையும் நடத்தியது. திருப்புறம்பியத்தில் பிறந்த தி.வை. சதாசிவ பண்டாரத்தார் கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபடியே கல்வெட்டுகளை ஆராய்ந்து, முதற் குலோத்துங்கனைப் பற்றித் தமிழில் நூல் எழுதினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, பிற்காலச் சோழர் வரலாற்றைத் தந்தார். ஆய்வுமுறையின் கண்டிப்பைக் குறைக்காமல் தமிழில் வரலாறு சொல்ல முடியும் என்பதை அவர் நிலைநாட்டினார்.

ஒரு கடற்போர், மூன்று வகைச் சான்றுகள்

வரலாற்றறிஞரின் சொற்பொழிவு பிற மேடைப் பேச்சிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதற்குச் சோழர்–ஸ்ரீவிஜய உறவைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இப்பகுதியில் இல்லை.

முதல் சான்று செப்பேடு. ஸ்ரீவிஜய அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் கட்டத் தொடங்கி, அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்த புத்த விகாரத்துக்கு, முதலாம் இராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தைக் கொடையாக அளித்தான். அதைப் பதிவு செய்த செப்பேடு டச்சுக்காரர் வழியாக நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குச் சென்று, அந்நகரின் பெயரையே பெற்றது. இரண்டாவது, இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி. தந்தை நட்புப் பாராட்டிய நாட்டின் மீது மகன் கப்பற்படை செலுத்தி, அதன் அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்ததாக அது கூறுகிறது. 1918இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேஸ் இக்கல்வெட்டுகளையும் செப்பேட்டையும் சீன ஏடுகளோடும் தென்கிழக்காசியக் கல்வெட்டுகளோடும் ஒப்பிட்டு, ஸ்ரீவிஜயத்தின் வரலாற்றை மீட்டார். அதற்குமுன் கடாரத்தைப் பர்மாவில் தேடியவர்களும் இருந்தனர்.

மூன்றாவது, சீனச் சுங் அரசமரபின் வரலாறு. சோழத் தூதர்கள் 1015, 1033, 1077ஆம் ஆண்டுகளில் சீன அவைக்கு வந்ததை அது குறிக்கிறது. கடைசித் தூதுக்குழுவில் 72 பேர் இருந்தனர். ஆனால் 1106இல் பர்மாவின் பாகன் நாட்டுத் தூதரை எந்தத் தகுதியில் வரவேற்பது என்று ஆராய்ந்த சீன அதிகாரிகள், சோழநாடு ஸ்ரீவிஜயத்துக்குக் கட்டுப்பட்டது என்றும், எனவே பாகனைச் சோழரைவிட உயர்வாக நடத்த வேண்டும் என்றும் கருத்துரைத்தனர்.

தஞ்சைக் கல்வெட்டின்படி சோழனே வென்றவன். சீன ஏடு சோழனைக் கீழ்ப்பட்டவன் என்கிறது. பெருமை பேசும் மேடையாக இருந்தால் இரண்டாவது செய்தி மறைக்கப்படும். வரலாற்றறிஞர் அதையும் அவையின் முன் வைத்து, அது எப்படித் தோன்றியது என்று கேட்கிறார். 2007இல் சிங்கப்பூரில் நடந்த மாநாட்டின் விளைவாக 2009இல் வந்த தொகுப்பில், சீன வணிகத்தைத் தம் கையில் வைத்திருக்க விரும்பிய ஸ்ரீவிஜயத் தரப்பே சீன அவையில் தவறான செய்தியைப் பரப்பியிருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர் தான்சேன் சென் வாதிட்டார். 1077இல் தூதனுப்பியவனாகச் சீன ஏடு குறிக்கும் அரசன் முதற் குலோத்துங்கனே என்பார் சிலர். சீனாவின் குவாங்சோ நகரிலுள்ள 1079ஆம் ஆண்டுக் கல்வெட்டை வைத்து, அவன் ஸ்ரீவிஜயத் தலைவன் என்பார் வேறு சிலர். விவாதம் முடியவில்லை. ஒரு சான்று யாரால், யாருக்காக, எந்த நலனை முன்னிட்டு எழுதப்பட்டது என்று கேட்கும் பழக்கமே இத்தகைய சொற்பொழிவிலிருந்து கேட்பவர் பெறும் பயன்.

இரண்டு ஊர்களும் ஓர் உலக விவாதமும்

அரசர்களின் போரிலிருந்து உழவர்களின் நிலத்துக்கு இந்த விவாதத்தைத் திருப்பியவர் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா. தனிநாயகம் அடிகளின் முயற்சியில் 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. அங்கே அவர் அளித்த கட்டுரை, திருச்சிக்கு அருகே காவிரிப் பாசனத்தில் உள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டு ஊர்களைப் பற்றியது. பிராமணருக்குக் கொடையாக அளிக்கப்பட்ட பிரம்மதேயமான ஈசானமங்கலத்தில் நிலம் தனித்தனியாக உடைமை கொள்ளப்பட்டது; உழுகுடியினரின் வெள்ளான் ஊரான அல்லூரில் கூட்டுடைமைக் கூறுகள் வலுவாக இருந்தன என்று கல்வெட்டுகளைக் கொண்டு காட்டினார்.

இந்த இரண்டு ஊர்களுக்குப் பின்னால் இருந்தது உலகளாவிய கேள்வி. ஆசியக் கிராமங்களில் தனியுடைமை இல்லை, எனவே அவை காலங்காலமாக மாறவே இல்லை என்ற ஐரோப்பியக் கருத்து மார்க்ஸ் வரை வந்து, ஜப்பானிய வரலாற்றாசிரியரிடையேயும் கடும் விவாதத்தைக் கிளப்பியிருந்தது. கராஷிமா பொதுக்கோட்பாட்டோடு நிற்காமல் ஊர் ஊராகக் கல்வெட்டைப் படித்தார். சோழர் ஆட்சியின் பிற்பகுதியில் காவிரிக் கீழ்ப்பகுதியில் தனியார் நிலவுடைமை பெருகியதை அவர் ஆய்வுகள் காட்டின. மாறாத கிராமம் என்ற கருத்து அதனால் ஆட்டம் கண்டது. எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோருடன் அவர் தொகுத்த சோழர் கல்வெட்டுப் பெயரடைவு 1978இல் வந்தது. 1980இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டெயின், ஆப்பிரிக்காவில் உகாண்டாவின் ஆலூர் மக்களைப் பற்றிய சௌதாலின் மானிடவியல் ஆய்விலிருந்து பெற்ற, உள்ளூர்ப் பிரிவுகள் பெரும்பாலும் தாமே இயங்கும் ‘கூறாக்க அரசு’ என்ற கோட்பாட்டைச் சோழ நாட்டுக்குப் பொருத்தியபோது, அதை மறுக்கவும் இத்தகைய கல்வெட்டுத் தரவுகளே துணைநின்றன. இவ்வாறு உகாண்டாவும் தஞ்சையும் ஒரே விவாதத்தில் இடம்பெற்றன.

தமிழில் கூடிய அவை

1981 செப்டம்பர் 15 அன்று தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது, இந்த வளர்ச்சியில் பெரிய திருப்பம். கல்வெட்டியலுக்கும் தொல்லியலுக்கும் அங்கே தனித்துறை அமைந்தது. சுப்பராயலு அதில் பேராசிரியராகப் பணியாற்றினார். கல்வெட்டு இருக்கும் ஊரிலேயே, அதன் மொழியிலேயே உயராய்வு நடக்கும் நிலை உருவாயிற்று. 1995 ஜனவரியில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு தஞ்சையில் கூடியபோது, அதை நடத்திய உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்தவர் கராஷிமா. 1966இல் காவிரிக்கரை ஊர்களைப் பற்றி மலேசியாவில் பேசிய அறிஞர், இப்போது பல நாட்டு ஆய்வாளர்களோடு காவிரிப் படுகைக்கே வந்திருந்தார்.

முடிவுரை

சரபோஜி காலத்தில் உலகம் பாடலாக வந்தது, சான்றாய்வு இல்லை. சென்னைப் பல்கலைக்கழகக் காலத்தில் சான்றாய்வு வந்தது. மக்களின் மொழி இல்லை. தமிழ்ப் பல்கலைக்கழகம் வந்தபின் இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்தன. இன்று உலகின் எந்தப் பேராசிரியரின் உரையையும் கைப்பேசியில் கேட்க முடிகிறது. ஆனால் பதிவான உரையிடம் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. சோழர் பெருமை பற்றி வேகமாகப் பரவும் காணொளிகளில் 1106ஆம் ஆண்டுச் சீன ஏட்டுக்கு இடமும் கிடைப்பதில்லை.

ஆகவே நேரடிச் சொற்பொழிவின் தேவை குறையவில்லை, கூடியிருக்கிறது. நாகப்பட்டினம், மயிலாடுதுறை, மன்னார்குடி போன்ற ஊர்களில், அந்தந்த வட்டாரக் கல்வெட்டின் படியைக் கேட்போர் கையில் கொடுத்து, அதோடு மோதும் அயல்நாட்டுச் சான்றையும் தமிழில் விளக்கி, கேள்விக்கு நேரம் ஒதுக்கும் தொடர்களை வரலாற்றுத் துறைகள் நடத்த வேண்டும். தன் ஊர்க் கல்வெட்டைக் கேள்வி கேட்கக் கற்ற உழவரும் மாணவரும், உலக வரலாறு என்ற பெயரில் வரும் எந்தக் கூற்றையும் அதே துணிவோடு சோதித்துப் பார்ப்பர்.