நெய் மலைக்கு, வெல்லம் வீட்டுக்கு

கார்த்திகை தீபத்தன்று எங்கள் மலை உச்சியில் எரிவது நெய். ஆயிரக்கணக்கான கிலோ நெய், திரிக்கு ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத் துணி என்று கணக்குச் சொல்கிறார்கள். அன்றைக்கே திருவண்ணாமலை வீடுகளில் செய்கிற பலகாரத்தில் நெய்யும் கிடையாது, பாலும் கிடையாது. பொரி, வெல்லம், தேங்காய்ப் பல், பொட்டுக்கடலை, எள், கொஞ்சம் சுக்கு, ஏலக்காய். இதுதான் கார்த்திகைப் பொரி உருண்டை. ஊரிலேயே பெரிய திருநாள், அதற்குரிய இனிப்பில் மாட்டுப்பால் ஒரு துளி இல்லை. இதை நான் சின்ன வயதிலிருந்து தின்றிருக்கிறேன். ஆனால் உட்கார்ந்து யோசித்தது ரமண நகரில் குடியேறிய வெளிநாட்டுக்காரர்களோடு பழகத் தொடங்கிய பிறகுதான்.

1934-இல் ஆங்கில எழுத்தாளர் பால் பிரன்டன் ரமணரைப் பற்றி எழுதிய புத்தகம் வந்த நாள் முதல் ரமணாசிரமத்தைத் தேடி அயல்நாட்டவர் வருவது நிற்கவில்லை. இப்போது செங்கம் சாலையை ஒட்டிய தெருக்களில் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் பலர். அவர்களில் பால், தயிர், நெய் எதையும் தொடாதவர்கள் உண்டு. ஈஸ்டர் நெருங்கினால், "அக்கா, பால் இல்லாத சாக்லேட் முட்டை உங்கள் அடுப்படியில் செய்ய முடியுமா?" என்று கேட்பார்கள். கேட்கும்போதே, ஏதோ புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய பண்டம் என்ற தயக்கம் அவர்கள் குரலில் இருக்கும். அதில் புதிது ஒன்றும் இல்லை. அவர்கள் ஊர் வரலாறும் எங்கள் ஊர் வரலாறும் அதையேதான் சொல்கின்றன.

முதலில் அவர்கள் ஊர்க் கதை. கோக்கோ மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளில் நூற்றாண்டுக் கணக்காகக் குடிக்கும் பண்டமாக இருந்தது. நீரில் கரைத்து, நுரைக்க ஆற்றிக் குடித்தார்கள். ஐரோப்பாவுக்குப் போன பிறகும் வெகுகாலம் அது கோப்பையை விட்டு வெளியே வரவில்லை. 1828-இல் ஹாலந்துக்காரர் வான் ஹூட்டன் கோக்கோவைப் பிழிந்து கொழுப்பைத் தனியே எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். எடுத்த கொழுப்பைக் கோக்கோவோடும் சர்க்கரையோடும் கூட்டி, கடித்துத் தின்னும் கட்டியாக 1847-இல் வார்த்தது பிரிஸ்டலில் இருந்த ஃப்ரை கம்பெனி. அதே கம்பெனி 1873-இல் சாக்லேட் ஈஸ்டர் முட்டையை வார்த்தது. 1875-இல் கேட்பரி தன் முதல் முட்டையை விற்றது. அதுவும் கறுப்புச் சாக்லேட். பால் சேர்ந்தது பிறகு.

சுவிட்சர்லாந்தின் வெவே ஊரில் டேனியல் பீட்டர் என்பவர் முதலில் மெழுகுவத்தி செய்தவர். சாக்லேட்டில் பாலைக் கலக்க அவர் பல வருடங்கள் போராடினார். பாலில் இருக்கும் தண்ணீர்தான் அவருக்கு எதிரி. ஈரம் நின்றால் சாக்லேட் பூசணம் பிடிக்கும். ஈரம் நீக்கிய பாலைக் கொண்டு 1875-இல் அவருக்குக் கைகூடியது. கேட்பரியின் டெய்ரி மில்க் வந்தது 1905-இல். ஆக, இன்று கடைகளில் பார்க்கும் பால் சாக்லேட்டுக்கு வயது நூற்றைம்பதுதான். ஈஸ்டர் முட்டை பிறக்கும்போது பால் இல்லாமல்தான் பிறந்தது. தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டை, பால், வெண்ணெயையும் விலக்கி நோன்பிருந்த பழைய கிறிஸ்தவ மரபை நினைத்தால், நாற்பது நாள் பால் தொடாமல் இருந்து ஈஸ்டருக்கு வந்து சேர்ந்தவர்கள்தான் அவர்களுடைய முன்னோர்.

இந்தப் பக்கத்திலும் ஈஸ்டருக்கு முந்தைய வாரத்துக்கு மாட்டுப்பால் சேராத ஒரு பண்டம் இருக்கிறது. கேரளத்து சிரியன் கிறிஸ்தவ வீடுகளில் பெரிய வியாழன் இரவு பெசகா அப்பமும் பெசகா பாலும் வைப்பார்கள். அரிசியும் உளுந்தும் புளிக்க வைக்காமல் அவிப்பது அப்பம். பால் என்று சொல்வது தேங்காய்ப்பாலில் வெல்லம் காய்ச்சியது. நாகர்கோவில் பக்கத்து முந்திரிக்கொத்தும் இப்படித்தான்: பாசிப்பயறு, வெல்லம், தேங்காய், மேலே அரிசிமாவு. கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் அதைச் செய்கிறவர்கள் யாரும் அதைப் பத்தியப் பலகாரம் என்று சொன்னதில்லை.

பால் மாடும் ஆடும் இருந்த நாட்டில் பண்டிகை இனிப்பு ஏன் வெல்லத்திலேயே நின்றது? கோயில் கல்வெட்டுகளைப் படித்தால் ஒரு விடை கிடைக்கிறது. சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கு அல்லும் பகலும் எரிய 96 ஆடுகளைக் கோயிலுக்கு விடுவது வழக்கம். ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு மூத்தாலும் செத்தாலும் எண்ணிக்கை குறையக் கூடாது என்பது நிபந்தனை. ஒரே ஒரு விளக்குக்கு 96 ஆடு என்றால் நெய் எவ்வளவு அரிய பொருள் என்று பாருங்கள். அது சாமிக்கும் விளக்குக்கும் போனது. கரும்பும் நெல்லும் தேங்காயும் வீட்டுக்கு மிஞ்சின. பொரி உருண்டை அந்த மிச்சத்தில் பிறந்தது என்பது என் துணிபு. ஏழை வீடும் பணக்கார வீடும் ஒரே பலகாரத்தை ஒரே நாளில் செய்ய முடிந்ததற்கும் அதுவே காரணம்.

எங்கள் ஆயா பொரி உருண்டை பிடிக்கிற முறையைச் சொல்லாமல் இந்த வரலாறு முடியாது. இரும்புச் சட்டியில் ஆற்று மணலைக் கொதிக்கக் காய்ச்சி, அதில் நெல்லைப் போட்டுத் துழாவுவார். நெல் வெடித்து வெள்ளையாக மலரும். சல்லடையில் மணல் போகச் சலித்து, முறத்தில் உமி போகப் புடைத்து, ஒட்டியிருக்கும் உமியைக் கையால் ஆய்வார். இது பாதி நாள் வேலை. மண்டை வெல்லத்தைத் தட்டி, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி மறுபடி அடுப்பில் வைப்பார். பாகு நுரைத்து, நுரை அடங்கி, நிறம் கறுக்கும் நேரத்தில் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவார். அது கரைந்தால் ஆகவில்லை. விரலுக்கு இழுபட்டாலும் ஆகவில்லை. உருண்டு நின்று, எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்'கென்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகு அரை நிமிடம்கூட அடுப்பு எரியக் கூடாது. பொரியைக் கொட்டிக் கிளறி, உள்ளங்கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு சூட்டோடு சூடாகப் பிடிப்பார். கைக்கு மட்டும் நெய் தடவிப் பிடிக்கும் வீடுகளும் உண்டு. எங்கள் ஆயா அரிசி மாவுதான். ஆறினால் பிடிபடாது. ஆகவே வீட்டிலுள்ள எல்லாக் கைகளும் அப்போது அடுப்படிக்கு வந்தாக வேண்டும்.

இன்று பொரி தேரடி வீதியிலும் சின்னக்கடை வீதியிலும் படியில் அளந்து கிடைக்கிறது. பாகுப் பதம் மட்டும் கடையில் கிடைக்காது.

இந்த வெல்லப் பாகில் வேர்க்கடலை எப்போது சேர்ந்தது என்பதும் சொல்ல வேண்டிய கதைதான். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போமே, அந்த வேர்க்கடலை தென்னமெரிக்காவில் பிறந்தது. கோக்கோ மரத்தின் பூர்வீகமும் அதே கண்டம்தான். 19-ஆம் நூற்றாண்டில் தென்னாற்காட்டு ஜில்லாவின் மானாவாரி நிலங்களில் மல்லாட்டை பரவியது. அப்போது திருவண்ணாமலை தாலுக்காவும் அந்த ஜில்லாவில்தான் இருந்தது. பறித்த கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் எண்ணெய் ஆலைகளுக்கு மூட்டை மூட்டையாகப் போனது. ஏற்றுமதிக்கு வந்த பயிர் வெல்லப் பாகில் விழுந்து கடலை உருண்டை ஆனது. கோக்கோவையும் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் கொண்டு வந்தார்கள். 1798-இல் குற்றாலத்தில் அம்பாய்னா தீவுக் கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். அது ஊன்றவில்லை. கேட்பரி கம்பெனி 1948-இல் இந்தியாவுக்கு வந்து, 1965-இல் வயநாட்டில் கோக்கோ சாகுபடியைத் தொடங்கிய பிறகே தென்னாட்டில் அது பயிரானது. இப்போது பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு நடுவே ஊடுபயிராக நிற்கிறது. ஆரோவில்லில் 2014-இல் தொடங்கிய மேசன் அண்ட் கோ தென்னிந்தியக் கோக்கோவைக் கொண்டு பாலில்லாத சாக்லேட் செய்கிறது.

இங்கே வெயிலைச் சொல்ல வேண்டும். கோக்கோ வெண்ணெய் 34 டிகிரியில் உருகும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும். ஈஸ்டர் வருவது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில், ஒரு பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. அதாவது எங்கள் ஊரில் அந்த மாதத்துக் கிரிவலக் கூட்டம் கலைந்த கையோடு. அண்ணாமலையின் பாறை காய்ந்து இரவிலும் அனல் வீசுகிற பருவம். தேங்காய் எண்ணெயில் கோக்கோத் தூளையும் நாட்டுச் சர்க்கரையையும் குழைத்து அச்சில் வார்க்கும் முறை எல்லாருக்கும் தெரிந்ததே. அந்தச் சாக்லேட் குளிர்பெட்டியை விட்டு எடுத்ததும் கையில் வழிகிறது. ஊட்டியில் வீட்டுச் சாக்லேட் ஒரு தொழிலாக நிலைத்ததற்கு அங்கே உள்ள குளிர் பெரிய துணை. இங்கே அதை எதிர்பார்க்க முடியாது. வெல்லப் பாகோ எந்த வெயிலுக்கும் அசையாது.

ஆகவே என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் பால் சாக்லேட்டைப் போலச் செய்து காட்டுவதில்லை. ஆயாவின் பாகிலிருந்தே தொடங்குகிறேன். நான்கு ஆழாக்குப் பொரிக்கு ஓர் ஆழாக்கு வெல்லத் தூள். பாகு 'டங்' பதத்துக்கு வந்ததும் அடுப்பை அணைத்து, ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயில் குழைத்து வைத்த மூன்று கரண்டி கோக்கோத் தூளை விட்டு ஒரே சுற்றில் கலக்க வேண்டும். தூளை அப்படியே கொட்டினால் கட்டி தட்டும். வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாகப் பொடித்த மல்லாட்டை ஒரு கைப்பிடி, வறுத்த எள், கல்லுப்பு இரண்டு சிட்டிகை, பிறகு பொரி. அரிசி மாவு தொட்டு முட்டை வடிவில் பிடித்தால் ஈஸ்டருக்கு ஆயிற்று.

உடம்புக்கு நல்லதா என்று கேட்பார்கள். வெல்லமும் சர்க்கரைதான், நீரிழிவுக்காரர்களுக்கு இதில் சலுகை இல்லை. பொரி இருப்பதால் ஓர் உருண்டையில் இனிப்பு குறைவு, மல்லாட்டையும் எள்ளும் இருப்பதால் பசி தாங்கும், உள்ளே போவது என்ன என்று நமக்குத் தெரியும். இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

நீங்கள் செய்து பார்ப்பதாக இருந்தால் இரண்டு சொல். கோக்கோ வாங்கும்போது சர்க்கரையும் பால்பொடியும் கலக்காத வெறும் தூளா என்று உறையைப் படித்து வாங்குங்கள். குடிக்கிற சாக்லேட் மாவு இதற்கு ஆகாது. வீட்டில் பாகுப் பதம் தெரிந்த பெரியவர் இருந்தால், அவரை அடுப்படியில் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செய்யுங்கள்.