பழைய கண்டென்சர் மைக்குகள்: இரைச்சலும் பழுதுநீக்கமும்

கண்டென்சர் மைக் எனப்படும் மின்தேக்கி ஒலிவாங்கி, ஒலியால் அதிரும் மெல்லிய சவ்வுக்கும் அதன் பின்னுள்ள உலோகத் தகட்டுக்கும் இடையே மின்தேக்கம் மாறுவதைக் கொண்டு ஒலியை மின் குறிப்பலையாக்கும் கருவி. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இ. சி. வென்ட் 1916-இல் இதை உருவாக்கினார். பெர்லினில் 1928-இல் தொடங்கப்பட்ட நாய்மன் நிறுவனத்தின் யு 47 (1949), யு 87 (1967) ஆகியவை இன்றும் ஒலிப்பதிவுக் கூடங்களில் போற்றப்படுகின்றன. இத்தகைய பழைய மைக்குகளை வாட்டும் முக்கியக் குறை இரைச்சல்.

காரணங்கள்

சவ்வும் தகடும் அடங்கிய கேப்ஸ்யூலின் மின்தேக்கம் சில பத்து பிக்கோஃபாரட் மட்டுமே. அதன் மின்னூட்டம் கசியாதிருக்க, நூறு மெகா ஓம் முதல் ஒரு கிகா ஓம் வரையிலான மின்தடைகள் இணைக்கப்படுகின்றன. இந்த அளவில் தூசி, பாடகரின் எச்சில் துளி, ஈரப்பதம், விரலின் எண்ணெய்ப் பசை ஆகியவைகூட மின்கசிவுக்கு வழியாகிவிடும். பொரிவது போன்ற சத்தம் எழுவது பெரும்பாலும் இதனால்தான். இடைவிடாத ‘உஸ்’ ஒலிக்கு வால்வு அல்லது டிரான்சிஸ்டரின் தேய்மானமும், உறுமலுக்கு மின்வழங்கியில் உலர்ந்துபோன மின்தேக்கியோ கேபிளின் அறுந்த கவசக் கம்பியோ காரணமாகலாம்.

கண்டறிதல்

முதலில் கேபிளையும் பெருக்கியையும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரைச்சல் தொடர்ந்தால், கேப்ஸ்யூலைக் கழற்றி, அதே அளவு மின்தேக்கியைப் பொருத்தி, உலோக உறையால் மூடிக் கேட்க வேண்டும். இரைச்சல் நின்றால் குறை கேப்ஸ்யூலில், நிற்காவிட்டால் மின்சுற்றில்.

பழுதுநீக்கம்

மின்சுற்றின் காப்புப் பகுதிகளையும் சுவிட்சையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்கு உலர்த்துவதே முதல் வேலை. கசியும் மின்தேக்கியையும் மதிப்பு மாறிய மின்தடையையும் புதிதாக மாற்றலாம். ஈரம் கோத்த கேப்ஸ்யூலைச் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய பெட்டியில் வைத்தால் சில நாட்களில் தேறக்கூடும். சவ்வைத் தொடவோ ஊதவோ கூடாது. அதைக் கழுவுவது பயிற்சி பெற்றவரின் பணி. யு 47-இன் எம் 7 கேப்ஸ்யூலில் உள்ள பி.வி.சி. சவ்வு காலப்போக்கில் இறுகி வெடிப்பதால், அதற்குப் புதுச் சவ்வு போடப்படுகிறது. யு 47-இன் விஎஃப் 14 வால்வு இப்போது தயாராவதில்லை.

வால்வு மைக்குகளின் மின்வழங்கியில் 100 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். இணைப்பை நீக்கிய பிறகும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கும். அது முழுவதும் இறங்கியபின்பே திறக்க வேண்டும்.

மைக்கின் தனிக்குரலைப் பெரிதும் வடிப்பது கேப்ஸ்யூல். ஆகவே மற்ற உறுப்புகள் யாவற்றையும் சோதித்த பிறகே அதில் கைவைப்பது முறை.