பாமிர் சொன்ன பாடம்

இயந்திரக் கப்பல்கள் வந்த பிறகு, படிக்கிற பிள்ளைகளைப் பாய்மரத்தில் ஏற்றுவது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 'பாமிர்' மூழ்கிய கதையை அதற்குச் சான்றாகவும் காட்டுவார்கள். எனக்கோ, அந்தக் கதை வேறொன்றைச் சொல்வதாகவே படுகிறது.

நான்கு பாய்மரங்கள் கொண்ட பாமிர், 1905-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கட்டப்பட்டது. சிலி நாட்டிலிருந்து வெடியுப்பு ஏற்றி வருவது அதன் தொழில். 1949-ல் ஹார்ன் முனையைச் சரக்குடன் சுற்றி வந்த கடைசிப் பாய்மர வாணிகக் கப்பலும் அதுதான். பிறகு, உடைத்துப் பழைய இரும்பாக விற்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஜெர்மானியர் அதை மீட்டு, மாலுமிப் பிள்ளைகளின் பள்ளிக்கூடமாக்கினார்கள். கயிற்றேணியில் ஏறிப் பாயைச் சுருட்டியவனுக்குத்தான் காற்றின் குணம் புரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான். ஆனால் பள்ளிக்கூடம் நடத்தப் பணம் வேண்டுமே! ஆகவே பாமிர் சரக்கும் சுமந்தது.

1957 ஆகஸ்டு 10-ஆம் தேதி போனஸ் அயர்ஸிலிருந்து ஹாம்பர்க்குக்குப் புறப்பட்டபோது, கப்பலில் இருந்தவர்கள் 86 பேர். அவர்களில் 52 பேர் பயிற்சி மாணவர்கள். சரக்கு, பார்லி. மூட்டையாகக் கட்டி அடுக்கினால் தானியம் இடம் பெயராது. கொட்டி நிரப்பினாலோ, கப்பல் சாயும் பக்கமே அதுவும் சரியும். பாமிரில் இருந்ததில் பெரும்பகுதி கொட்டி நிரப்பிய பார்லி.

செப்டம்பர் 21-ஆம் தேதி, அசோர்ஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, 'கேரி' என்ற சூறாவளி அதைப் பிடித்துக்கொண்டது. கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்தது, நிமிரவே இல்லை. பல நாட்டுக் கப்பல்கள் தேடியும் பிழைத்தவர்கள் ஆறே பேர். எண்பது வீடுகளில் விளக்கு அணைந்தது.

காற்றுதானே கொன்றது என்பீர்கள். அதே நவம்பரில் நடந்ததையும் கேளுங்கள். பாமிரின் தோழக் கப்பலான 'பஸ்ஸாட்'டிலும் புயலில் பார்லி சரிந்தது. அது எப்படியோ தப்பி லிஸ்பன் துறைமுகம் சேர்ந்தது. லூபெக் நகரில் நடந்த விசாரணையும், பாமிரில் சரிந்த தானியத்தை முக்கியக் காரணமாகச் சுட்டியது.

ஜெர்மானியர் பாய்மரத்தைக் கைவிடவில்லை. 1958-லேயே 'கோர்க் ஃபோக்' என்ற கடற்படைப் பயிற்சிக் கப்பலை நீரில் இறக்கினார்கள். அதில் மாணவர்கள் உண்டு. விற்பனைத் தானியம் இல்லை.

கடலுக்குப் போகிறவன் ஆபத்தையும் படித்துத்தான் ஆகவேண்டும். ஆனால், படிப்புச் செலவைப் பிள்ளைகளின் காலடியில் கொட்டிய தானியத்திலிருந்து எடுக்கப் பார்ப்பது எந்த நியாயம்?