சொல்வில்லை விளையாட்டு வகைகளும் பகுப்பாய்வு மென்பொருள்களும்

எழுத்து பொறித்த வில்லைகளைக் கட்டப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் விளையாட்டுகளில் உலகெங்கும் அறியப்பட்டது ஸ்க்ராபிள். எந்தச் சொல்லை எங்கே வைத்தால் நல்லது என்று கணித்துச் சொல்லும் மென்பொருள்கள் 1980களிலிருந்து இதற்கு எழுதப்பட்டு வருகின்றன. அவை ஒரு குறிப்பிட்ட விதித்தொகுப்பை மனத்தில் கொண்டு உருவானவை. பலகையின் அளவும் வில்லைகளின் எண்ணிக்கையும் மாறிய வகைகளுக்கு அவற்றைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான், மென்பொருள் எதைத் துல்லியமாகக் கணக்கிடுகிறது, எதைப் பழக்கத்திலிருந்து ஊகிக்கிறது என்ற வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது.

மூல விளையாட்டு

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்பிரட் மோஷர் பட்ஸ் 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்திருந்தபோது இந்த விளையாட்டை வகுத்தார். ஆங்கில நாளிதழ்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று கையால் எண்ணி, அதன்படி வில்லைகளின் எண்ணிக்கையையும் மதிப்பையும் முடிவு செய்தார். பன்மைச் சொற்கள் எளிதில் அமைந்துவிடும் என்பதால் 'எஸ்' எழுத்துக்கு நான்கு வில்லைகள் மட்டுமே கொடுத்தார். 1948இல் ஜேம்ஸ் புருனோட் இதற்கு ஸ்க்ராபிள் என்று பெயரிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். 15-க்கு 15 கட்டங்கள், 100 வில்லைகள், கையில் 7 வில்லைகள், ஏழையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி போனஸ். இந்த எண்கள் ஒரு மொழிக்கும் ஒரு பலகைக்கும் பொருந்த அமைந்தவை.

சொல்லைத் தேடுதலும் தேர்ந்தெடுத்தலும்

1988இல் ஆண்ட்ரூ ஆப்பெல், கை ஜேக்கப்சன் இருவரும் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடித்தளம். அகராதிச் சொற்களை ஒவ்வொன்றாகச் சேமிக்காமல், பொதுவான தொடக்கங்களையும் முடிவுகளையும் ஒன்றாக்கி ஒரு வலைப்பின்னலாக அவர்கள் அமைத்தார்கள். அதன்மீது நடந்தே, கையிலுள்ள வில்லைகளைக் கொண்டு பலகையில் வைக்கத்தக்க எல்லாச் சொற்களையும் நொடிப்பொழுதில் பட்டியலிட முடிந்தது. 1994இல் ஸ்டீவன் கார்டன் இன்னும் வேகமான, ஆனால் அதிக நினைவகம் கேட்கும் அமைப்பொன்றை முன்வைத்தார். இந்தப் பகுதியில் ஊகத்துக்கு இடமில்லை. ஒரு சொல்லை வைக்கலாமா கூடாதா என்பதற்கு ஒரே விடைதான் உண்டு.

பட்டியலில் எது சிறந்தது என்பது வேறு கேள்வி. இப்போது 30 புள்ளி தரும் சொல், கையில் உதவாத எழுத்துகளை மிச்சம் வைத்தால் அடுத்த முறை கையைக் கட்டிப்போடும். ஆகவே மிச்சமாகும் எழுத்துகளுக்கும் மதிப்பு வேண்டும். வெற்று வில்லை கையில் இருப்பது சுமார் 25 புள்ளிக்குச் சமம், 'எஸ்' சுமார் 8 புள்ளிக்குச் சமம் என்பது ஆட்டக்காரர்களிடையே புழங்கும் கணக்கு. பிரையன் ஷெப்பர்ட் 1980களில் எழுதத் தொடங்கிய மேவன் என்னும் நிரல் தன்னோடு தானே ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடி இத்தகைய மதிப்புகளைக் கண்டறிந்தது. ஐயமான இடங்களில் எதிராளியின் கையைக் குலுக்கலாக ஊகித்து, அடுத்த சில முறைகளைப் பல நூறு தடவை ஒத்திகை பார்த்துச் சராசரி எடுத்தது. 1998இல் ஆடம் லோகனுக்கு எதிரான காட்சிப் போட்டியில் மேவன் 9-5 என்று வென்றது. 2006இல் டொராண்டோவில் முன்னாள் உலக வெற்றியாளர் டேவிட் பாய்ஸை 3-2 என்ற கணக்கில் தோற்கடித்தது குவாக்கிள் என்னும் திறமூல மென்பொருள்.

விதி மாறும்போது

குவாக்கிள் திறமூலமாக இருந்ததால் எழுத்துத் தொகுதியையும் பலகையையும் மாற்றி அமைப்பது எளிதாயிற்று. 2004இல் வெளிவந்த சூப்பர் ஸ்க்ராபிளில் 21-க்கு 21 கட்டங்கள், 200 வில்லைகள், நான்கு மடங்கு மதிப்புள்ள கட்டங்களும் உண்டு. சொல் தேடும் பகுதிக்கு இது ஒரு பொருட்டல்ல. பலகையின் அளவை மாற்றினால் போதும். வெற்றி வாய்ப்பைக் கணிக்கும் பகுதிதான் தடுமாறும். வழக்கமான ஆட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத வில்லைகள் அதிகபட்சம் 93. இங்கே 193. 50 புள்ளி முன்னிலை பாதி ஆட்டத்தில் எவ்வளவு பாதுகாப்பு என்று பழைய ஆட்டங்களிலிருந்து தொகுத்த அட்டவணைக்கு இந்த ஆட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாது.

2009இல் வந்த வேர்ட்ஸ் வித் பிரண்ட்ஸ் கைபேசி விளையாட்டில் 104 வில்லைகள். ஏழையும் வைத்தால் போனஸ் 35 மட்டுமே. எழுத்துகளின் மதிப்பும் சிறப்புக் கட்டங்களின் இடமும் வேறு. ஏழெழுத்துச் சொல்லுக்காக நல்ல எழுத்துகளைச் சேமித்துக் காத்திருப்பதன் பயன் இங்கே மாறிவிடுகிறது. பழைய மதிப்புகளோடு இந்த ஆட்டத்தை ஆராய்கிறவருக்கு மென்பொருள் பிழைச்செய்தி எதுவும் காட்டாது. அழகாக வரிசைப்படுத்திய, பிழையான அறிவுரையைக் காட்டும். பயிற்சிக்கு மென்பொருளை நம்பும் மாணவர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

விதி அப்படியே இருந்து அகராதி மட்டும் மாறினாலும் இது நடக்கும். 2006இல் வட அமெரிக்கப் போட்டி அகராதியில் 'சீ' என்று ஒலிக்கும் ஈரெழுத்துச் சொல் சேர்ந்தது. 'யூ' இல்லாமல் கையில் முடங்கும் 'க்யூ' வில்லையை எளிதாக வெளியேற்ற அது வழி செய்ததால், அந்த வில்லையின் சுமை குறைந்தது. மதிப்புகளை மறுபடியும் கணக்கிட வேண்டியதாயிற்று.

கிளாபர்ஸ் அல்லது வேர்ட்ஸ்மாக் எனப்படும் வகை, தேடும் பகுதியையே அசைத்துவிட்டது. இதில் எழுத்துகள் எந்த வரிசையிலும் இருக்கலாம். மாற்றி அடுக்கினால் அகராதிச் சொல் கிடைத்தால் போதும். தமிழில் சொன்னால் 'கடல்' செல்லுமானால் 'டகல்' என்பதும் செல்லும். வெவ்வேறான ஏழு எழுத்துகளை 5,040 விதமாக அடுக்கலாம் என்பதால் எல்லாவற்றையும் சேமிப்பது வீண். ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கி, அந்த வடிவத்தை மட்டும் வலைப்பின்னலில் வைப்பதே தீர்வு.

எது ஓர் எழுத்து?

ஸ்பானிய மொழிப் பதிப்பில் ஈரெழுத்துக் கூட்டுகள் சில ஒரே வில்லையில் வருகின்றன. ஒரு வில்லைக்கு ஒரு குறியெண் என்று எண்ணி எழுதிய நிரல் இங்கே தவறும். தமிழில் இது இன்னும் கூர்மையான கேள்வி. 'கொ' நமக்கு ஓரெழுத்து. கணினியில் அது இரண்டு குறியெண்கள். 247 எழுத்துகளையும் வில்லையாக்குவதா, உயிரையும் மெய்யையும் தனித்தனியே கொடுப்பதா என்று முடிவு செய்யாமல் எந்த மதிப்பையும் கணக்கிட இயலாது. 'மரத்தில்' போன்ற வேற்றுமை ஏற்ற வடிவங்களை அகராதி ஏற்குமா என்பதையும் முன்பே வகுக்க வேண்டும்.

டூப்ளிகேட்

1970களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் ஹிப்போலித் வௌட்டர்ஸ் வகுத்த டூப்ளிகேட் வகை பிரெஞ்சு மொழிப் போட்டிகளில் வேரூன்றியது. எல்லோருக்கும் ஒரே ஏழு வில்லைகள். அவரவர் தாளில் எழுதித் தரும் சொல்லுக்கு அவரவர் புள்ளி. பலகையில் மட்டும் ஒவ்வொரு முறையும் அதிகபட்சப் புள்ளி தரும் சொல்லே வைக்கப்படும். இதனால் மிச்ச எழுத்துகளின் மதிப்புக்கும் எதிராளியைப் பற்றிய ஊகத்துக்கும் வேலையில்லாமல் போகிறது. ஒத்திகையும் அட்டவணையும் தேவைப்படாத இந்த வகைக்கு, அதிகபட்சம் எது என்று பிழையின்றிச் சொல்ல 1988இன் தேடும் உத்தியே போதும்.