நம் உடலில் ஒரு முப்புரிக் கயிறு

கே.ஜி.கண்டிகையிலிருந்து திருத்தணிக்குச் செல்வோருள் பலர் முருகன் கோயிலின் 365 படிகளையும் காலாலேயே ஏறுவர். ஒவ்வொரு படியிலும் கெண்டைக்கால் தசை சுருங்குகிறது. அந்த இழுவிசை ஒரு தடித்த நாண் வழியே குதிகால் எலும்பைச் சென்றடைகிறது. உங்கள் குதிகாலுக்குச் சற்று மேலே விரல்களால் பிடித்துப் பாருங்கள். வார்போல் விறைப்பாக ஒன்று தட்டுப்படும். அதுதான் அந்த நாண். சுருங்குவது தசையின் வேலை. நாண் சுருங்குவதில்லை, எளிதில் நீள்வதுமில்லை. இந்த உறுதி அதற்கு எங்கிருந்து வந்தது? இக்கேள்வியின் விடையில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு.

தோலின் மெல்லிய சீவல் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்போம். மேல்தோலில் செல்கள் செங்கற்களைப்போல் நெருங்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. அதன் கீழுள்ள உட்தோலில் செல்கள் குறைவு, இழைகளே மிகுதி. வைக்கோற்போரைப் போல் அவை நாலா பக்கமும் பின்னிக் கிடக்கும். நாணிலோ அதே இழைகள் ஒரே திசையில் கற்றையாகச் செல்கின்றன. பொருள் ஒன்றே, அடுக்குமுறைதான் வேறு. அப்பொருள் கொலாஜன் என்னும் புரதம்.

நம் ஊர்த் தோல் பதனிடுவோர் நுண்ணோக்கி இல்லாமலே இதைக் கையால் அறிந்திருந்தனர் எனலாம். சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரையும் மேல்தோலையும் களைந்துவிட்டு, உட்தோலை மட்டுமே ஆவாரம்பட்டை ஊறலில் இட்டனர். பட்டையின் துவர்ப்புப் பொருள் கொலாஜன் இழைகளை இறுகப் பற்றிக்கொள்வதால்தான் தோல் அழுகாமல் நிற்கிறது.

ஆனால் இழைக்குள் என்ன இருக்கிறது? சாதாரண ஒளி நுண்ணோக்கி ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு வரைதான் பிரித்துக் காட்டும். 1942-இல் அமெரிக்காவில் ஷ்மிட் குழுவினர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கொலாஜன் இழையின் ஒழுங்கான குறுக்குப் பட்டைகளைக் கண்டனர். ஆயினும் தனி மூலக்கூறின் தடிமன் 1.5 நானோமீட்டர்தான். அதன் அமைப்பை அறிய எக்ஸ் கதிர்ச் சிதறலை நாட வேண்டியிருந்தது.

1952-இல் ஜி.என். இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராக வந்தார். அப்போது அவருக்கு வயது 30 நிறையவில்லை. சென்னை வந்த அறிவியலறிஞர் பெர்னால், கொலாஜனுக்கு அதுவரை சொல்லப்பட்ட அமைப்புகள் எவையும் நிறைவளிக்கவில்லை என்று அவரிடம் கூறினார். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே அடையாற்றில் இருந்தது, மாதிரிகளுக்குக் குறைவில்லை. ஆய்வுக்குக் கைகொடுத்தவற்றுள் கங்காருவின் வால் நாணும் ஒன்று!

அவருக்கும் கோபிநாத் கர்த்தாவுக்கும் பெருந்துப்பாக அமைந்தது ஓர் எண்: கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசீன். கிளைசீன்தான் எல்லாவற்றிலும் சிறியது. மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கினால், ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடந்தோறும் நடு அச்சை ஒட்டி வரும். அந்த இடுக்கில் கிளைசீனுக்கு மட்டுமே இடம் உண்டு. 1954-இல் இம்மூன்று சங்கிலி அமைப்பை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். (தசை சுருங்கும்போது அதன் இழைகள் ஒன்றன்மீதொன்று வழுக்குகின்றன என்ற செய்தியும் அதே ஆண்டு அதே இதழில்தான் வந்தது.) 1955-இல் அதைத் திருத்தி, சுருளாக உள்ள மூன்று சங்கிலிகளும் சேர்ந்து மேலும் ஒரு முறை முறுக்குண்டவை என்றனர். மூன்று புரி கொண்டு திரித்த கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே 1955-இல் ரிச், கிரிக் இருவரும் மறுப்புத் தெரிவித்தனர். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்றது சென்னை. ஒன்றுதான் என்றனர் அவர்கள். சென்னை அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்பதாகவும் குறை கூறினர். பின்னாளில் பல நூல்கள் அவர்கள் பெயரையே முன்னிறுத்தின. திருத்தம் சரியானதே, ஆனால் மூன்று சங்கிலி என்ற அடிப்படை சென்னையினுடையது என்பதை மறைப்பது நியாயமாகாது.

இராமச்சந்திரன் வாதாடுவதோடு நிற்கவில்லை. புரதத்தில் இரு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராயத் தொடங்கினார். சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகியோருடன் 1963-இல் அவர் வெளியிட்ட வரைபடம் இன்று உலகெங்கும் 'இராமச்சந்திரன் வரைபடம்' எனப்படுகிறது. புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிவோர் அது சரிதானா என்று பார்க்க அதைத்தான் நாடுகின்றனர். குறை கூறியவர்களுக்கும் இதில் பங்குண்டு அன்றோ!

1994-இல் அமெரிக்காவில் கொலாஜன் போன்ற ஒரு சிறு மூலக்கூறின் படிக அமைப்பு துல்லியமாகக் காணப்பட்டது. மூன்று சங்கிலிகள் இருந்தன. நேரடிப் பிணைப்பு மும்மூன்றுக்கு ஒன்றே. நீர் மூலக்கூறுகள் வேறு பாலமிட்டிருந்தன. அம்மூலக்கூறில் ஒரு கிளைசீனுக்குப் பதிலாகச் சற்றே பெரிய அலனினை வேண்டுமென்றே வைத்திருந்தனர். அந்த இடத்தில் முறுக்குத் தளர்ந்திருந்தது. பிறவியிலேயே இத்தகைய மாற்றம் நேர்ந்த குழந்தைகள் சிலருக்கு எலும்புகள் சிறு அடிக்கும் முறிந்துவிடுகின்றன.